தலைகீழாகத் தொங்கின வெண்டைக்காய்

உங்க பொண்ணு வெள்ளரிக்காயைத் தோலோட கடிச்சுத் தின்னுட்டு வருதே, அதுவாக் கேட்டு வாங்கித் திங்குதுங்களா, இல்ல நீங்க ஏதாச்சும் கதை சொல்லி ஏமாத்திக் குடுக்கறீங்களா? அதுவாவே திங்குதா. நல்லதுங்க. கேட்டேன்னு தப்பா நினைக்காதீங்க. அடுத்த வீட்டுக் குழந்தை திங்கறதைக் கண்ணு வெக்கற ஆளில்ல நான். பஸ் சீட்டு மேல இருக்கற அந்தப் பையைக் கொஞ்சம் நகர்த்துனீங்கன்னா நானும் சாஞ்சு உக்காந்துக்குவேன்.

எனக்கும் ஒரு பொண்ணு இருக்குதுங்க. தன்விகா. ஆறு வயசு. வாயைத் திறந்தா பேச்சுக்குக் குறைவில்ல, சோத்துக்குத்தான் திறக்காது. இட்லின்னா சர்க்கரை தொட்டு அரை இட்லி. அதுக்கப்புறம் கிரீம் பிஸ்கட், அதுவும் நடுவுல இருக்கற கிரீமை மட்டும் நக்கீட்டு பிஸ்கட்டை சோபாவுக்கு அடியில போட்டுருவா. மத்தியானம் நான் தட்டைத் தூக்கிட்டு வீடு பூரா அவ பின்னால நடப்பேன். ஒரு வாய், ரெண்டு வாய். மூணாவது வாய்க்குப் பல்லைக் கடிச்சுக்குவா. நான் ஒவ்வொரு வாயையும் எண்ணுவேனுங்க. மூணைத் தாண்டுனா அன்னிக்கு எங்க வீட்டுல பண்டிகை.

குழந்தை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். எடை பத்தாதுன்னாரு. சத்து மாத்திரை ஏதாச்சும் எழுதுவாருன்னு பாத்தா, "புள்ளைய மண்ணுல விளையாட விடுங்க. நாலு செடி வெக்கச் சொல்லுங்க. சமைக்கறப்ப கூட நிறுத்திக்கங்க. தன் கையால ஆக்கினதைத் திங்கும்"னாரு. இதைச் சொல்றதுக்கு ஒரு டாக்டரா? ஆனா எனக்கு எதையும் அரைகுறையாச் செய்யற பழக்கம் கிடையாதுங்க. கோலப் போட்டியில மூணு வருசமா ரெண்டாம் பரிசு வாங்கினவ நான். முதல் பரிசு ஏன் வரலைன்னு கேட்டீங்கன்னா அது வேற கதை. நான் யாரையும் குறை சொல்ற ஆளு இல்லீங்க.

டாக்டரு சொன்ன அதே வாரம் எங்க நகர் மகளிர் மன்றத்துல அறிவிப்பு வந்துது. எட்டு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக வீட்டுல காய்கறித் தோட்டம் போடணும், மூணு மாசம் கழிச்சு நடுவருங்க வருவாங்க, அவங்க முன்னால அந்தத் தோட்டத்துக் காயை வெச்சுக் குழந்தையே ஏதாச்சும் சமைச்சுக் காட்டணும். மன்றத் தலைவி பிரேமலீலா மேடம். போட்டியே இல்லாமத் தேர்ந்தெடுக்கப்பட்டவங்க. ஏன்னா மனுத் தாக்கல் பண்ற தேதியை அவங்க யாருகிட்டயும் சொல்லலை. போகட்டும். கடவுளாப் பாத்துக் குடுத்த வாய்ப்புன்னு நான் பேரைக் குடுத்துட்டேன்.

எங்க வீடு ஈரோட்டுல, பெருந்துறை ரோட்டுல இருக்குது. கீழ நாங்க. மேல எங்க கொழுந்தனாரும் அவரு சம்சாரம் பவளக்கொடியும். கொழுந்தனாருக்கு லாரி கம்பெனியில வேலை, மாசத்துல பாதி நாள் வெளியூர். பவளா ஒரு காலேஜ் லேப்ல அசிஸ்டென்ட். காலையில எட்டு மணிக்குக் கிளம்பினா சாயங்காலம் அஞ்சரைக்குத்தான் வருவா. அவளுக்கு ரெண்டு குழந்தைக. பெரியவ இளவேணிக்கு எட்டு வயசு, சின்னவன் அகிலனுக்கு நாலு. மொட்டை மாடி அவங்க வீட்டை ஒட்டி இருக்குது. நான் எங்க வீட்டு முன் வாசல்லயே தோட்டம் போட்டேன். நாலு பேரு பாத்தாத்தானுங்களே தோட்டம்?

செடி வளக்கற பையெல்லாம் வரவழைச்சேன், தேங்காய் நாரு மண்ணு வரவழைச்சேன். குழந்தைக்குன்னே சின்ன மண்வெட்டி, சின்னப் பூவாளி, வெயில் படாம பெரிய வட்டத் தொப்பி, பச்சைக் கலர்ல கவுன். ஒவ்வொரு பைக்கும் முன்னால பெயிண்ட்ல எழுதின பலகை. தக்காளி, கத்திரி, வெண்டை, அவரைன்னு. பிரிட்ஜ் மேல அட்டவணை ஒட்டினேன். ஆறு பத்துக்குச் செடியோட பேசணும், ஆறு இருபதுக்குத் தண்ணி ஊத்தணும், ஆறரைக்குப் போட்டோ. எங்க வீட்டுக்காரரு அந்த அட்டவணையை முழுசாப் படிச்சுட்டு, "இதுல புள்ள மண்ணைத் தொடறது எத்தனை மணிக்கு?"ன்னு கேட்டாரு. அவரு ஜவுளிக் கடையில சூப்பர்வைசர். அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும்?

மண்ணைத் தொடறதுக்கு நான் விடலைங்க. ஏன்னா கவுன் வெளிறின பச்சை. கறை பட்டாப் போகாது. கையுறை வாங்கிக் குடுத்தேன், அது பெரியவங்க அளவு. அதைப் போட்டுட்டு அவளால விதையைப் பிடிக்க முடியலை. அதனால விதையை நான் போட்டேன். அவ பக்கத்துல நின்னு கையை நீட்டிட்டு இருக்கற மாதிரி எங்க வீட்டுக்காரரு போட்டோ எடுத்தாரு. மன்றத்து வாட்ஸ்அப்புல போட்டதும் நாப்பத்தொரு பேரு கையெடுத்துக் கும்பிட்டாங்க.

செடி நல்லாத்தானுங்க முளைச்சுது. ஆனா போட்டோன்னா சும்மாவா? பூவாளியிலிருந்து தண்ணி விழறப்ப வெயில் அதுல பட்டு மின்னணும். குழந்தை சிரிக்கணும். அவ சிரிச்சா தண்ணி நின்னுரும். தண்ணி விழுந்தா அவ கண்ணை மூடிக்குவா. அதனால திரும்பவும் ரொப்பி, திரும்பவும் ஊத்தி. ஒரு நாளைக்கு அஞ்சு தடவை, சில நாள் ஏழு. ரெண்டு மாசத்துல அவரை அழுகிப் போச்சு. வெண்டை கொளகொளன்னு சாஞ்சுருச்சு. தக்காளி இலை விட்டதோட சரி, காய்க்கலை. கத்திரி மட்டும் மஞ்சளா நின்னுட்டு இருந்துது, நிக்கறதுக்குப் பிரியமே இல்லாத மாதிரி. விதை மோசமுங்க. கடைக்காரன் ஏமாத்திட்டான். இன்னிக்கும் நான் அந்தக் கடைப் பக்கம் போறதில்ல.

இனி மாடியைச் சொல்றேன் கேளுங்க. போட்டியில பவளா பேரே குடுக்கலை. "எனக்கு எங்கக்கா நேரம்?"னா. ஆனா மாடியில அவளுக்கும் ஒரு தோட்டம் இருந்துது. அதைத் தோட்டம்னு நான் சொன்னாத்தான் உண்டு. கைப்பிடி போன பக்கெட்டு, அரிசிச் சாக்கு, அகிலன் குழந்தையா இருந்தப்பக் குளிச்ச வெடிச்ச டப். எதுலயும் பலகை கிடையாது. வீட்டுல அழுகற தக்காளியை அந்தப் பையன் கையில குடுத்து, "மண்ணுல பிழிஞ்சு விடுடா"ம்பா. அவன் பிழிஞ்சு விட்டு மேல ரெண்டு குத்து குத்துவான். அவ்வளவுதான் அவ விவசாயம். அது என்னடான்னா பழம் பழமாக் காய்ச்சுத் தொங்குது. பீர்க்கங்கொடி டிஷ் ஆன்டெனா மேல ஏறி, எங்க வீட்டு டிவியில பாதி சேனலு வராமப் போச்சு. அரைக்கீரையை அறுக்க அறுக்க வருது. அழகுன்னு சொல்ல ஒண்ணு கிடையாதுங்க. ஒரு போட்டோ எடுக்க லாயக்கில்ல.

சாயங்காலம் அவ வந்த உடனே சமையல். அதையும் நான் ஒரு நாள் பாத்தேன். இளவேணி கீரையை ஆய்ஞ்சுட்டு இருக்கா, அந்தப் பொடியன் பூண்டு உரிக்கறான். பவளா சேலையைக்கூட மாத்தாம அடுப்பைப் பத்த வெக்கறா. அரிசியும் பருப்பும் ஒண்ணாப் போட்டு ஒரே குக்கர்ல அரிசிம்பருப்புச் சாதம், இல்லீன்னா கீரைக் கடைசலும் சோறும். தினமும் இதுதான். ஒரு வறுவல் இல்ல, ஒரு பொடிமாஸ் இல்ல. குழந்தைகளை வேலை வாங்கறியே, பாவமில்லையான்னு கேட்டேன். "நான் ஒருத்தி எத்தனைன்னு செய்யறதுங்கக்கா. பசி அவங்களுக்குத்தானே"ன்னா. பேச்சைப் பாத்தீங்களா? நான் யாரையும் குறை சொல்ற ஆளு இல்லீங்க. ஆனா பெத்த தாயி பேசற பேச்சா இது?

இந்த நேரத்துலதான் தன்விகா எடை கூடுச்சுங்க. ரெண்டாவது மாசக் கடைசியில டாக்டரு நிறுத்துப் பாத்து ஒண்ணரைக் கிலோ ஏறியிருக்குன்னாரு. எனக்குக் காலு தரையில நிக்கலை. நான் பால்ல ஒரு சத்து மாவு கலந்து குடுத்துட்டு இருந்தேன். அதோட பேரை மன்றத்துல எல்லாருக்கும் அனுப்பி, பதினஞ்சு பேரு அதை வாங்கிட்டாங்க. அவ அந்தப் பாலை வாசல் கத்திரிச் செடிக்கு ஊத்தீட்டு இருந்தான்னு எனக்கு எப்படித் தெரியும்? பின்னாலதான் தெரிஞ்சுது. கத்திரி ஏன் சாகாம நின்னுதுன்னு அப்பத்தான் எனக்கு விளங்குச்சு.

விசயம் வெளிய வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். டான்ஸ் கிளாசுக்கு நேரமாச்சுன்னு தேடறேன், இவளைக் காணோம். மேல போனா, மாடிப்படி முடியற இடத்துல மூணும் வட்டமா உக்காந்திருக்குது. நடுவுல இவ. டான்ஸ் டிரெஸ்ஸு மேல மஞ்சக் கறை. கை முழங்கை வரைக்கும் மண்ணு. மடியில ஒரு தட்டு. என்னைப் பாத்ததும் தட்டை முதுகுக்குப் பின்னால மறைச்சுட்டா. என் பொண்ணுங்க. சோத்துத் தட்டை அம்மாகிட்டயிருந்து மறைக்கறா. நான் பெத்த புள்ளை திருட்டுத்தனமாச் சோறு திங்கற அளவுக்கு அவங்க கெடுத்து வெச்சிருக்காங்க.

ரெண்டு மாசமா நடந்துட்டு இருக்குதுங்க இது. நான் மன்றத்துக் கூட்டத்துக்குப் போற நேரம், போன்ல போட்டோ திருத்தற நேரம், எல்லாம் இவ மாடியில. எனக்கு வந்த ஆத்திரத்துல என்ன பேசினேன்னு தெரியலை. சொந்த வீட்டுக்குள்ளயே என் குழந்தையைப் பறிச்சுக்கறியான்னு கேட்டேன். அதுக்கு ஒரு தட்டுச் சோத்தைக் காட்டி மயக்கறியான்னு கேட்டேன். பவளா கரண்டியைக் கீழ வெச்சா. குரலை ஒசத்தலை. அவ எப்பவும் ஒசத்த மாட்டா, அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

"அக்கா, பசிக்குது சித்தின்னு வர்ற புள்ளைய வராதேன்னு நான் எப்படிங்கக்கா சொல்றது?"

"என் வீட்டுல என் புள்ளைக்குப் பசியா?"

"அதை நீங்க அவகிட்டக் கேளுங்க"ன்னுட்டா.

நான் எதுக்குக் கேக்கணும்? கூட்டிட்டுக் கீழ வந்துட்டேன். மறுநாள் மாடிப்படிக் கம்பிக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். அவங்களுக்குப் பின்பக்கம் இரும்பு ஏணிப்படி இருக்குது, அதுல ஏறி இறங்கிக்கட்டும். பவளா ரெண்டு கையிலயும் பையோட அந்த ஏணியில ஏறறதை எங்க வீட்டுக்காரரு பாத்தாரு. "சாவியைக் குடு கோகிலா"ன்னாரு. போட்டி முடியட்டும்னேன். அவரு அன்னிக்கு ராத்திரிச் சோறு வேண்டாம்னுட்டாரு. வீட்டுல திங்காதவங்க எண்ணிக்கை ரெண்டாச்சு.

தன்விகா மறுபடியும் வாயைப் பூட்டிக்கிட்டா. முதல் நாள் ரெண்டு வாய். அடுத்த நாள் ஒரு வாய். மூணாம் நாள் ஸ்கூல்ல பிரேயர்ல நிக்கறப்ப கொஞ்சம் தலை சுத்தி உக்காந்துட்டாளாம். டீச்சர் போன் பண்ணினாங்க. வெயிலுங்க. அந்த மாசம் என்ன வெயில் அடிச்சுது, உங்களுக்கே தெரியும். போய்க் கூட்டிட்டு வந்தேன். வண்டியில முன்னால நின்னுட்டு வர்றா, அவ தோள்பட்டை என் நெஞ்சுல முட்டுது, எலும்பு தெரியுது. வீட்டுக்கு வந்து நாலு பிஸ்கட் குடுத்தேன். கிரீமைக்கூட நக்கலை. அன்னிக்கு நான் பூட்டுகிட்டப் போய் நின்னேன், பொய் சொல்லலைங்க. சாவி இடுப்புலயேதான் இருந்துது. ஆனா ரெண்டு நாள்ல நடுவருங்க வர்றாங்க. இப்பத் திறந்துவிட்டா நான் பேசினதெல்லாம் என்னாகறது?

சரி, நடுவருங்க வர்ற நாள். தோட்டத்துல இருக்கறது என்ன? காய்க்காத ஒரு தக்காளிச் செடி, பால் குடிச்ச ஒரு கத்திரிச் செடி, ரெண்டு வெண்டைக் குச்சி. விடியறப்பவே உழவர் சந்தைக்குப் போய்ப் பொறுக்கி எடுத்துட்டு வந்தேன். ஒரே அளவுத் தக்காளி, பளபளன்னு கத்திரிக்கா, விரல் நீளத்துல வெண்டைக்கா. பச்சை நூலை எடுத்து ஒவ்வொண்ணாக் கட்டினேன். முத்து முத்தா முடிச்சு, வெளிய தெரியாது. கோலத்துக்கு உள்ள கை எனக்கு. எங்க வீட்டுக்காரரு காப்பி டம்ளரோட வந்து நின்னு பாத்தாரு. "கத்திரிச் செடியில ரெண்டு வெண்டைக்கா கட்டியிருக்க"ன்னு மட்டும் சொல்லீட்டு உள்ள போயிட்டாரு. அவசரத்துல நடந்துருச்சு. மாத்திக் கட்டினேன்.

தன்விகா பக்கத்துலயே நின்னா. நூல் கட்டறப்ப கிளையைப் பிடிச்சுக்கிட்டா. நடுவருங்க கேட்டா என்ன சொல்லணும்னு ஒரு வாரமாச் சொல்லிக் குடுத்திருந்தேன். தினமும் காலையில எந்திரிச்சுச் செடிக்கு வணக்கம் சொல்வேன், தண்ணி ஊத்துவேன், செடி என் தோழி. அட்சரம் பிசகாம ஒப்பிப்பா.

பத்து மணிக்கு வந்தாங்க. பிரேமலீலா மேடம் பட்டுச் சேலையில. கூட தோட்டக்கலைத் துறையில வேலை பாத்து ரிட்டயர்டான அங்கயற்கண்ணின்னு ஒரு அம்மா, பருத்திச் சேலை, ரப்பர் செருப்பு. பிரேமலீலா மேடம் பலகையெல்லாம் படிச்சுட்டு அருமை அருமைன்னாங்க. இந்தம்மா வெண்டைச் செடிகிட்டப் போய்க் குத்த வெச்சு உக்காந்துட்டாங்க. எந்திரிக்கவே இல்ல.

"ஏம்மா, வெண்டைக்காய் செடியில மேல பாத்துத்தானே நிக்கும். இது ஏன் கீழ பாத்துத் தொங்குது?"

எனக்கு அது தெரியாதுங்க. வாழ்க்கையில வெண்டைக்காயை நான் கூடையிலதான் பாத்திருக்கேன். "புது ரகமுங்க"ன்னேன். "என்ன ரகம்?"னாங்க. "தொங்கல் ரகம்"னேன். வேற என்ன சொல்றது? அந்தம்மா சிரிக்கலை. தலையை மட்டும் ஆட்டினாங்க. அப்புறம் தன்விகா பக்கம் திரும்பினாங்க. இவ வணக்கத்துல ஆரம்பிச்சுத் தோழி வரைக்கும் கடகடன்னு ஒப்பிச்சா. எனக்கு உசிரு திரும்ப வந்துது.

"சரி கண்ணு, இந்தத் தக்காளியைப் பறிக்கறதுன்னா எப்படிப் பறிப்ப?"

இது நான் சொல்லிக் குடுத்ததுல இல்ல. அவ ரொம்ப அக்கறையாச் சொன்னா. "முதல்ல நூலை அவுக்கணுங்க மேடம். இழுத்தாக் காம்பு பிஞ்சிரும். நான் அவுத்துத் தரட்டுங்களா?"

கேட்டுட்டு நிக்கலைங்க. குனிஞ்சு, அந்தச் சின்ன விரல்ல முடிச்சைப் பிரிச்சு, தக்காளியை அந்தம்மா கையில வெச்சுட்டா. நூலைச் சுருட்டி என் கையில குடுத்தா. அவ மேல தப்பில்லைங்க. எதை எதைச் சொல்லணும்னு சொல்லிக் குடுத்தேன், நூலைப் பத்திச் சொல்லக் கூடாதுன்னு சொல்லிக் குடுக்க மறந்துட்டேன். என் தப்புதான்.

பிரேமலீலா மேடம் வானத்தைப் பாத்தாங்க. நான் தரையைப் பாத்தேன். அந்தம்மா மட்டும் தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "நல்ல தக்காளி. இதை வெச்சு என்ன சமைப்ப?"ன்னு கேட்டாங்க. நான் வானவில் சாலடுன்னு ஏற்பாடு பண்ணியிருந்தேன். நட்சத்திரம் மாதிரி, இதயம் மாதிரி எல்லாம் முந்தியே வெட்டித் தட்டுல அடுக்கித் துணி போட்டு மூடி வெச்சிருந்தேன். அவ துணியைத் தூக்கறது மட்டுந்தான் வேலை. இவ அதைத் தொடவே இல்ல. "அரிசிம்பருப்பு ஆக்கட்டுங்களா?"ன்னா.

அந்தம்மா ஆக்குன்னுட்டாங்க. அப்பத்தானுங்க இவ என்னைத் திரும்பிப் பாத்தா. "அம்மா, கீரையும் கறிவேப்பிலையும் மேல இருக்குது. சாவி தாங்க."

ரெண்டு நடுவருங்க, அடுத்த வீட்டு வேடிக்கைக்காரங்க நாலு பேரு, எங்க வீட்டுக்காரரு. எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. நான் இடுப்புலயிருந்து சாவியை எடுத்துக் குடுத்தேன். சிரிச்ச முகமாத்தான் குடுத்தேன். பூட்டு அவளுக்கு எட்டலை. எங்க வீட்டுக்காரரு போய்த் திறந்துவிட்டாரு. படியில அவ ஓடற சத்தம் மேல வரைக்கும் கேட்டுது.

இறங்கறப்ப கையில ஒரு கட்டுக் கீரை, ஒரு கொத்துக் கறிவேப்பிலை, நாலு கோணல் மாணல் தக்காளி, பின்னால இளவேணி. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, பவளா வீட்டுலதான் இருந்தா. அவ இறங்கி வரலை. இவ அரிசியை ஒரு டம்ளர் அளந்தா, பருப்பைக் கால் டம்ளர். மூணு தடவை கழுவினா. சின்ன வெங்காயமும் பூண்டும் உரிச்சா. தக்காளியைக் கத்தி வெச்சு வெட்டலை, கையாலயே பிசைஞ்சு விட்டா. அடுப்பை நீங்க பத்த வெங்கம்மான்னா. தண்ணி எவ்வளவுன்னு நான் அவளைக் கேட்டேனுங்க. நான் கேட்டேன், அவ சொன்னா. "எல்லாத்துக்கும் சேத்து நாலு டம்ளர், கொழைய வேணும்னா இன்னும் அரை." மூணு விசில். இளவேணி ஒரு பக்கம் கீரையைக் கடைஞ்சா.

நடுவருங்களுக்கு ஆளுக்கொரு கரண்டி வெச்சுட்டு, இவ தனக்கும் ஒரு தட்டுல போட்டுக்கிட்டுச் சமையக்கட்டுத் தரையிலயே சம்மணம் போட்டு உக்காந்துட்டா. பழக்க தோசத்துல நான் எண்ண ஆரம்பிச்சேன். மூணு. நாலு. ஏழு. ஊதி ஊதித் திங்கறா, மூக்கு வேர்க்குது. பதினாலு வரைக்கும் எண்ணினேன். அதுக்கு மேல எண்ண முடியலை. எழுந்து போய் ரெண்டாந் தடவை போட்டுக்கிட்டு வந்தா. பெத்து ஆறு வருசத்துல என் புள்ளை பசிச்சுத் தின்னு நான் பாத்தது அன்னிக்குத்தானுங்க.

முதல் பரிசு மூணாவது வீதியில ஒரு வீட்டுக்குப் போச்சு. ஒரே ஒரு புதினாத் தொட்டி. அவங்க பிரேமலீலா மேடத்துக்கு ஓரகத்தி வழிச் சொந்தம், நான் ஒண்ணும் சொல்லலை. பரிசு குடுக்கற அன்னிக்குத் தன்விகாவுக்கு அங்கயற்கண்ணி அம்மா தன் கைக்காசுல ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் குடுத்தாங்க. "உண்மை சொன்ன குழந்தைக்கு"ன்னு மூடியில எழுத்து வெட்டியிருக்குது. அதைத்தான் தினமும் ஸ்கூலுக்குக் கொண்டு போறா. நான் எழுத்துத் தெரியாம இருக்க மேல துணி சுத்திக் குடுக்கறேன். அவ வாசல் தாண்டினதும் துணியை அவுத்துடறா.

பூட்டு என்னாச்சுன்னு கேக்கறீங்களா? தொலைஞ்சு போச்சுங்க. நானாத் திறந்து விட்டேன்னு யாரும் சொல்லக் கூடாது பாருங்க. தொலைஞ்சு போச்சு, அவ்வளவுதான். இவ சாயங்காலமானா மேல போயிடறா. பத்து நாள் பொறுத்துப் பாத்துட்டு நானும் போனேன். சும்மா மேற்பார்வைக்குத்தான். குழந்தைக கத்தி எடுக்குது, நெருப்புப் பக்கம் நிக்குது, பெரியவங்க ஒருத்தரு வேணுமே. பவளா என்னைப் பாத்துட்டு ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டா. உக்காருங்கக்கான்னா. என் மடியில ஒரு முறம் சின்ன வெங்காயத்தை வெச்சுட்டா. ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம் அவ. கேக்கலை. நானும் பெருந்தன்மையா விட்டுட்டேன்.

இப்ப தினமும் வெங்காயம் என் பொறுப்பு. நான் தோலோட வெங்காயத்தையும் சேத்து உரிச்சுடறேன்னு இளவேணி சொல்றா. எட்டு வயசுப் புள்ளை. ஒருக்கா போன் எடுத்தேன், மூணு பேரும் கீரை ஆய்ஞ்சுட்டு இருந்தது நல்லா இருந்துதுன்னு. தன்விகா நிமிந்து பாக்காமயே, "அம்மா, கை ஈரமா இருக்குது, போனை வெச்சுட்டு உரிங்க"ன்னா. வெச்சுட்டேன்.

நான் இப்ப எங்க போறேன்னு சொல்லவே இல்லையே. காங்கேயத்துல ஒரு மகளிர் சங்கத்துல என்னைப் பேசக் கூப்பிட்டிருக்காங்க. அன்னிக்கு வந்ததுலயிருந்து அவ சமைச்சது வரைக்கும் பிரேமலீலா மேடம் வீடியோ எடுத்திருந்தாங்க. நூல் வர்ற இடத்தை வெட்டீட்டாங்க, அதுக்கு மட்டும் அவங்களுக்கு நான் கடமைப்பட்டவ. அது அங்க சுத்தி இங்க சுத்தி காங்கேயம் போய்ச் சேந்திருக்குது. ஆறு வயசுக் குழந்தைக்கு இவ்வளவு பக்குவமாச் சொல்லிக் குடுத்த தாய் யாருன்னு தேடி என்னைப் பிடிச்சுட்டாங்க. மண்ணும் மழலையும்னு தலைப்பு. பத்து நிமிசம். எட்டுப் பக்கம் எழுதி வெச்சிருக்கேன். குழந்தையை மண்ணுல விளையாட விடுங்கள், அவசரப்படாதீர்கள், தாய்க்குப் பொறுமை வேண்டும். எல்லாம் நானே அனுபவத்துல கண்டதுதான்.

நேத்து சாயங்காலம் தன்விகா அதை எடுத்து எழுத்துக் கூட்டிப் படிச்சா. முதல் பக்கம், ரெண்டாம் பக்கம். கடைசி வரைக்கும் திருப்பிப் பாத்துட்டு, "இதுல சித்தி பேரு எங்கம்மா?"ன்னு கேட்டா. பத்து நிமிசத்துல எத்தனை பேரு பேரைத்தான் சொல்றது கண்ணுன்னேன். அவ சண்டை போடலை. தாளையெல்லாம் ஒழுங்கா அடுக்கி என் கையில குடுத்துட்டு மேல போயிட்டா.

அந்த ஆஸ்பத்திரி வளைவு வந்துருச்சு, நான் இறங்கணும். எழுதியிருக்கேனுங்க. அவ போனதுக்கப்புறம் கடைசிப் பக்கத்துல, ஓரத்துல, பவளக்கொடின்னு எழுதியிருக்கேன். பென்சில்லதான். மேடையில வெளிச்சம் பத்துச்சுன்னா வாசிச்சுருவேன்.